ஓரத்தில் நின்றவள்

ஜூலை 21, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கைக்கு எப்படி வந்ததோ தெரியாது. தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் மட்டும் படியுங்கள். அம்மாவுக்குக் காட்டாதீர்கள். அண்ணனுக்குக் காட்டவே காட்டாதீர்கள். ஹெப்சிபாவின் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போக முடியாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நான் தப்பு எதுவும் செய்யவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கீழே அண்ணனின் போட்டோ ஸ்டுடியோ, மேலே வீடு. அண்ணன் பெயர் மகாராசன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் எடுப்பான். போன மாதம் மதுரைக்குப் போய் யாரோ விற்ற பழைய வைடு லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தான். ஜூம் கிடையாது. நிறைய வெளிச்சத்தை உள்ளே வாங்கும், அதனால் இருட்டிலும் பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதை என்னிடம் கொடுத்து, "தினமும் எதையாவது எடு பிள்ள. அடுப்படிய எடு, தெருவ எடு, அம்மா திட்டுறத எடு. கை பழகட்டும்" என்றான்.

அப்படியே எடுத்தேன். விடியுமுன் ஒற்றைப் பல்பில் அம்மா தோசை ஊற்றுவதை எடுத்தேன், கல்லிலிருந்து எழும்பிய ஆவிகூட விழுந்தது. இந்த லென்ஸுக்கு ஆளுக்குப் பக்கத்தில் போக வேண்டும். தோசைக்கரண்டி என் மூக்கில் இடிக்காத குறை. அவ்வளவு பக்கத்தில் போயும் அம்மா, அடுப்பு, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பால்காரரின் வண்டி எல்லாம் ஒரே படத்துக்குள் உட்கார்ந்துவிட்டன. அன்றிலிருந்து பையில் கேமரா இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

இன்று பள்ளி வாசலில் பிளக்ஸ் கட்டினார்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்த எங்கள் ஹாக்கி அணி. படம் நான் எடுத்தது. நடுவில் கேடயம். இடது கோடியில் ஹெப்சிபா.

ஹெப்சி என் சிநேகிதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அணிக்குக் கேப்டன். பின்களத்தில் நிற்பாள், அவளைத் தாண்டிப் பந்து போவது லேசில்லை. நல்ல உயரம், உரமான உடம்பு. குண்டு இல்லை. ஆனால் பிளக்ஸில் அவள் தோள் ஒரு பக்கமாக வழிகிறது. தொடை இரண்டு ஆளின் தொடை. முகம் இழுத்துவிட்ட பரோட்டா மாவு மாதிரி பக்கவாட்டில் போகிறது.

வைடு லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும். கிட்டே போய் எடுத்தால் இன்னும் மோசம். தள்ளி நின்று எடுத்திருக்கலாம், ஆனால் எனக்குப் பின்னால் ஒரே சகதி.

ஜூலை 22, செவ்வாய்

"ஏட்டி ஹெப்சி, இனிமே கோல் கீப்பர் எதுக்கு? நீ குறுக்க நின்னா போதாதா?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் பையன்கள் "தண்ணி டேங்க்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹெப்சியும் சேர்ந்து சிரித்தாள். "டேங்க்தாம்ல. வாங்க, மேல விழுறேன்" என்று ஸ்டிக்கை ஓங்கினாள். அவர்கள் ஓடினார்கள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"செண்பா, நான் இப்படியாடி இருக்கேன்?"

"பிளக்ஸ்காரன் இழுத்து அடிச்சிருப்பான்."

"இழுத்திருந்தா எல்லாரையும்ல இழுத்திருக்கணும். நடுவுல தவமணி தீக்குச்சி மாதிரி அப்படியேதான இருக்கா?"

பஸ் வந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

இன்று பி.டி. வகுப்பில் கனகமணி டீச்சர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். "ஹெப்சிபா, ஒம்பதாம் தேதி மதுரையில மாநில அணித் தேர்வு. உடம்பக் குறைக்கணும்மா. தினமும் பாக்குறதால எனக்கு வித்தியாசம் தெரியல. படத்துல பாத்த பெறகுதான் தெரியுது."

டீச்சர் தினமும் அவளை மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறவர்கள். அவள் காலும் கையும் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் படத்தை நம்புகிறார்கள்.

மத்தியானம் ஹெப்சி சோற்றை மூடிவிட்டாள். வயிறு சரியில்லையாம்.

மாநில அணிக்குள் வந்துவிட்டால் கல்லூரியில் விளையாட்டு இட ஒதுக்கீடு கிடைக்கும். ஹெப்சியின் அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் வேலை பார்க்கிறார்கள். பன்னிரண்டாவது முடிந்ததும் ஹெப்சியையும் அங்கே கூட்டிப்போவதாக அவள் மாமா சொல்லிக்கொண்டே இருக்கிறார். "மதுரையில பேரு வந்துட்டா எங்க மாமா வாய் மூடிரும்டி" என்பாள். அதை நினைத்துக்கொண்டே படுக்கப் போகிறேன்.

ஜூலை 25, வெள்ளி

கேமராவை எடுக்கவில்லை. அண்ணன் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

கயத்தாறில் ஒரு நிச்சயதார்த்தம். அண்ணனோடு போனேன். எனக்கு எப்போதும் உள்ள வேலைதான், ஓரம் பார்ப்பது. மண்டபத்தில் இடம் குறுகல் என்றால் அண்ணன் வைடு லென்ஸைத்தான் மாட்டுவான். அவன் ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பான், நான் பக்கத்தில் நின்று இரண்டு கோடியையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்று மாப்பிள்ளையின் பெரிய அத்தை வலது கோடியில் போய் நின்றார்கள். "அத்தை, நீங்க உள்ள வாங்க, உங்க பட்டுச் சேல நடுவுலதான் எடுப்பா இருக்கும்" என்று கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்துவிட்டு, கோடியில் குத்துவிளக்கைத் தள்ளி வைத்தேன்.

"குத்துவிளக்கு குண்டாயிட்டேன்னு சண்டைக்கு வராது" என்று அண்ணன் காதோரம் சொன்னான். அது அவன் வழக்கமான ஜோக். போன வருடம் வாடகை லென்ஸில் எடுத்த ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மா ஓரத்தில் நின்று, ஆல்பமே திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து ஓரம் பார்க்க நான்.

சாப்பாட்டில் பால் பாயசம். என் கப்பை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஹெப்சி காலையிலும் சாப்பிடுவதில்லை. இன்று நானே பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் டப்பாவைத் திறந்து நாய்க்குப் போட்டாள். இட்லி. அவள் அம்மா வேலைக்குப் போகுமுன் அவித்தது.

"ஏட்டி, என்ன பண்ற?"

"ஏன், நாய் சாப்பிடக் கூடாதா? அதுக்கு என்ன, செலக்‌ஷனா இருக்கு?"

"ஹெப்சி, நீ குண்டு இல்லடி."

"நீ சிநேகிதி. நீ அப்படித்தான் சொல்லுவ." என் பையைப் பார்த்தாள். "கேமராவ வெளிய எடுக்காத. சொல்லிட்டேன்."

அவளுடைய கன்னம் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

ஜூலை 30, புதன்

தூக்கம் வரவில்லை. படம் எடுத்த நாளைப் பற்றி எழுதிவிட்டால் வரலாம்.

நானும் ஹாக்கி ஆடியவள்தான். மாவட்டப் போட்டிக்கு முன்னால் பட்டியலைச் சுருக்க வேண்டி வந்தது. டீச்சர் கேப்டனைக் கேட்டார்கள். "செண்பா நல்லா ஆடுவா டீச்சர், ஆனா ரெண்டாவது பாதியில மூச்சு வாங்குறா" என்று ஹெப்சி சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மைதான், எனக்கு மூச்சு வாங்கும். எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. வெளியே வந்து என் தோளில் கை போட்டு, "நீ படம் எடுடி. நீயும் கூட இருந்த மாதிரி இருக்கும்" என்றாள். அதற்கும் வருத்தம் இல்லை.

கேப்டன் கேடயத்தோடு நடுவில் நிற்பதுதான் வழக்கம். ஹெப்சியும் அங்கேதான் நின்றாள். நான்தான், "நீ கோடிக்கு வாடி. பின்களத்து ஆளு, சுவர் மாதிரி நின்னா கெத்தா இருக்கும்" என்றேன். வந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னேன். தள்ளினாள். இன்னும் என்றேன். "போதுமா, இல்ல இளையரசனேந்தலுக்கே போயிரவா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நான் இரண்டு எட்டு முன்னால் போய் எடுத்தேன்.

படம் ஒழுங்காக வர வேண்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 2, சனி

பயிற்சியில் ஹெப்சி மயங்கி விழுந்துவிட்டாள்.

பந்தை அடிக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தேன். ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்தேன். உதடு வெடித்திருந்தது. கரிசல் மண் கன்னத்தில் ஒட்டியிருந்தது. "அம்மாட்ட சொல்லாத" என்பதுதான் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை.

யாரோ சொல்லி அனுப்பி அவள் அம்மா வேலையை விட்டு ஓடி வந்தார்கள். விரலெல்லாம் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் அக்கா, "என்ன சாப்பிட்ட?" என்று கேட்க, ஹெப்சி என்னைப் பார்த்துக்கொண்டே "இட்லி" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "செண்பா, ஒங்கிட்ட மறைக்க மாட்டா. என்னத்தா ஆச்சு இவளுக்கு? யாரும் எதுவும் சொல்லிட்டாங்களா? வெளிப்படையாச் சொல்லும்மா."

"தெரியல அத்தை" என்றேன்.

அவர்கள் பிடித்திருந்த இடத்தில் என் கை இன்னும் பிசுபிசுவென்று இருப்பது போலத் தோன்றுகிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணன் கோவில் கொடை விழாவுக்குப் படம் எடுக்கப் போய்விட்டான். கீழே அவனுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். லென்ஸ் ஓரத்தில் செய்கிற வேலையைத் திருப்பிச் சரிசெய்ய அதில் வழி இருக்கிறது. செய்தேன். ஹெப்சியின் தோள் உள்ளே வந்தது, தொடை பழைய தொடையானது, முகம் அவள் முகமானது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரு பிரிண்ட் போட்டேன். நாளைக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

முடியவில்லை.

ஹெப்சி பிரிண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"நல்லா ஒல்லியாக்கியிருக்க. கல்யாணப் பொண்ணுங்கள உங்க அண்ணன் வெள்ளையாக்குவாங்கள்ல, அந்த மாதிரி."

"இல்லடி. இதுதான் நிஜமான நீ."

"அப்ப வாசல்ல தொங்குறது யாரு, எங்க பெரியம்மாவா?"

"அது லென்ஸ்..."

"ஊரே பாக்குறது பொய். நீ ஒருத்தி கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சது நிஜம். என்ன?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்காகச் செஞ்சிருக்க. புரியுது. ஆனா பாவம் பாத்து பொய் சொல்லாதடி. அதுதான் ரொம்ப வலிக்குது."

"கண்ணாடியில பாரேன்."

"கண்ணாடி பழகிப்போச்சு. டீச்சரே படத்தப் பாத்த பெறகுதான் தெரியுதுன்னாங்கள்ல?"

கெடுத்த படத்தை எல்லோரும் நம்பினார்கள். சரிசெய்த படத்தை ஒருத்திகூட நம்பவில்லை. பிரிண்டைக் கிழித்து பஸ் ஜன்னலுக்கு வெளியே போட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அன்றைக்கு எனக்குப் பின்னால் சகதி இல்லை. மழை பெய்தே மாதக்கணக்காகிறது. மைதானம் காய்ந்து, காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்தது. பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அவளை நம்பவைக்க ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அதில் எனக்கு என்ன ஆபத்து என்றும் தெரிந்தது. ஆனால் இன்று காலை அசெம்பிளியில் அவள் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டேன். மதுரைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

மத்தியானம் மைதானத்துக்கு இழுத்துப் போனேன். கேமராவை அவள் கையில் கொடுத்தேன்.

"என்ன எடு."

"எனக்கு எடுக்கத் தெரியாது."

"இத அமுக்கணும். அவ்வளவுதான். நான் நடுவுல இல்ல, இடது ஓரத்துல இருக்கணும். கிட்ட வா. இன்னும் கிட்ட. பயப்படாத, கடிக்க மாட்டேன்."

எடுத்தாள். நான் ஓடிப்போய் அவளோடு சேர்ந்து பார்த்தேன். என் கை வாழைத்தண்டு. என் தாடை தோளைத் தாண்டி எங்கேயோ போகிறது. எல்லோரும் "ஈர்க்குச்சி" என்று கூப்பிடுகிற நான், படத்தில் கனகமணி டீச்சரைவிடப் பெரிய ஆளாக நின்றுகொண்டிருந்தேன்.

"இப்ப நடுவுல வச்சு எடு."

எடுத்தாள். ஈர்க்குச்சி.

ஹெப்சி தன் தண்ணீர் பாட்டிலை ஓரத்தில் வைத்து எடுத்தாள். குடம் மாதிரி வந்தது. நடுவில் வைத்து எடுத்தாள். பாட்டிலாக வந்தது. அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, முடியாமல் தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"அட நாசமாப்போற லென்ஸே" என்றாள். மூக்கைத் துடைத்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு எடுக்கும்போது உனக்கு இது தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று ராத்திரி முழுக்கத் தெரிந்திருந்தது. பதிலும் யோசித்து வைத்திருந்தேன். "தெரியும். என்ன மன்னிச்சிருடி." அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

"தெரியாதுடி. நேத்துதான் அண்ணன் சொன்னான்" என்றேன்.

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பாவம் நீ. பிளக்ஸப் பாத்து நீயும் எவ்வளவு பயந்திருப்ப" என்றாள்.

என் டப்பாவில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். முழுவதையும் அவளே சாப்பிட்டாள். பிறகு வகுப்புக்கு வந்து தவமணியின் டப்பாவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷமான ஒன்றை இவ்வளவு கேவலமாக உட்கார்ந்து பார்த்தது நானாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வகுப்பு முழுக்க லென்ஸ் பேச்சு. ஹெப்சி கனகமணி டீச்சரையே ஓரத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டிவிட்டாள். டீச்சர், "அய்யய்யோ, மொதல்ல அத அழி" என்று கத்தினார்கள். அப்புறம் ஹெப்சியின் தலையில் கை வைத்து, "எம்மேல கோவமா இருக்கியாம்மா?" என்று கேட்டார்கள். பிளக்ஸை இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

தவமணி மட்டும், "போட்டோக்காரன் தங்கச்சிக்கு இதுகூடவா தெரியாது?" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் ஹெப்சி பாய்ந்தாள். "வாய மூடுடி. லென்ஸ் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. அவ என்ன, லென்ஸ் வயித்துலயா பொறந்தா?"

அவள் எனக்காகச் சண்டை போட்டாள். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை தேர்வு முடியட்டும், சொல்லிவிடுவேன். இப்போது சொன்னால் அவள் ஆட்டம் கெட்டுவிடும். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடிந்தால் மதுரை பஸ். இன்று பயிற்சியில் ஒரு பந்தைக்கூட விடவில்லையாம். நான் போகவில்லை. படிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஹெப்சி கீழே வந்திருக்கிறாள். அவள் அம்மாவோடு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியாம். ஸ்டுடியோவில் அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். எங்கள் அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். "வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். எழுந்திருக்க முடியவில்லை. கதவு சாத்தியிருக்கிறது, ஆனால் மாடிப்படி வழியாக எல்லாம் கேட்கிறது.

"அண்ணே, ஒங்க லென்ஸு என்னயப் பட்டினி போட்டே கொன்னிருக்கும் தெரியுமா?"

அண்ணன் சிரிக்கிறான். என்ன, ஏது என்று கேட்கிறான். அவனுக்கு எதுவுமே தெரியாது. ஹெப்சி பிளக்ஸிலிருந்து ஆரம்பிக்கிறாள். கையை விரித்துத் தன் தொடையின் அளவைக் காட்டுகிறாள் போலிருக்கிறது. அவள் அம்மாவும் சிரிக்கிறார்கள். எவ்வளவு நாள் கழித்து அவர்கள் சிரித்துக் கேட்கிறேன்.

"நல்லவேள, செவ்வாக்கிழம நீங்க செண்பாகிட்ட சொன்னீங்க. இல்லேன்னா எங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"செவ்வாக்கிழமையா? நான் எங்க சொன்னேன்?" அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் பேசுகிறான். "அவளுக்குப் போயி நான் சொல்லணுமா? கல்யாண வீட்டுல எனக்கு ஓரம் பாத்துச் சொல்றதே அவதான். ஒரு அத்தையக்கூடக் கோடியில நிக்க விடமாட்டா. அவ கண்ணுக்குத் தப்பி எப்படி..."

நிறுத்திவிட்டான்.

அண்ணன் மெதுவாக ஏதோ சொல்கிறான். சமாளிக்கிறான். அவனுக்குச் சமாளிக்கவே வராது.

"ஹெப்சி, எங்க போற?" என்று அவள் அம்மா கேட்கிறார்கள்.

"மேல. அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

படியில் வருகிறாள். வேகமாக வரவில்லை. ஒவ்வொரு படியாக வருகிறாள்.

ஹெப்சி, நாளைக்கு உன் ஆட்டம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இல்லை. அதற்காக இல்லை. அதையும் பொய்யாக எழுத மாட்டேன். நீ டீச்சரிடம் என் பெயரை வேண்டாம் என்ற அன்றைக்கே, கேமராவைக் கையில் எடுத்தபோதே, உன்னை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு

கதவைத் தட்டுகிறாள்